எங்களுக்கு வராத மனநோய் இவனுக்கு எப்படி வந்தது?

கேள்வி:

எங்களுக்குத் திசையன்விளைப் பக்கம். என் அப்பா பனையேறி. 1982-இல், பதினான்கு வயதில், திருவள்ளுவர் பஸ் ஏறி மெட்ராஸுக்கு மளிகைக் கடை வேலைக்குப் போனேன். விடியுமுன் கொத்தவால்சாவடிக்குப் போய்ச் சரக்கு எடுத்து வருவதும், இரவு பதினொரு மணிக்குக் கடையைப் பூட்டி அரிசி மூட்டைகளுக்கு நடுவே சாக்கு விரித்துப் படுப்பதுமாகப் பன்னிரண்டு வருடம் ஓடியது. பிறகு முதலாளி கைதூக்கிவிட, சொந்தக் கடை வைத்தேன். வாடகை கட்டுப்படியாகாது என்று மனைவியையும் பிள்ளைகளையும் ஊரிலேயே வைத்திருந்தேன். அவள் பீடி சுற்றிக்கொண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். நான்கு வருடங்களுக்கு முன் கடையை விற்றுவிட்டு ஊர் திரும்பினேன். காலில் நரம்பு சுருட்டல், முப்பது வருட வயிற்றெரிச்சல், இரவு மூன்று மணிக்கு மேல் தூக்கம் கிடையாது. அதெல்லாம் உழைத்த உடம்புக்கு உள்ளதுதான்.

மகனுக்கு 25 வயது. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, சென்னையை அடுத்த ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டு முறையில் காண்டிராக்ட் வேலை. மூன்று வருடத்தில் மூன்று காண்டிராக்டர் மாறிவிட்டார்கள். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. விடியற்காலை வரை விழித்திருக்கிறான்; பகலெல்லாம் படுக்கை. உடம்பு இளைத்துவிட்டது. குளிப்பதற்குக்கூட அவன் அம்மா சொல்ல வேண்டியிருக்கிறது. கைப்பந்து என்றால் உயிரை விடுவான். இப்போது மைதானத்துப் பக்கமே போவதில்லை. கேட்டால் 'மனசு சரியில்லை' என்கிறான். 'நான் இருந்து யாருக்கு என்ன லாபம்' என்று அம்மாவிடம் சொன்னானாம். கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள் சொந்தக்காரர்கள், பெண்ணும் பார்த்துவைத்திருக்கிறார்கள். இவன் பட்டதைப்போல் பத்து மடங்கு நாங்கள் பட்டிருக்கிறோம். எங்களில் யாருக்கும் மனநோய் வரவில்லை. இது நோயா, சோம்பலா?

— பெயர் வேண்டாம், திசையன்விளை வட்டாரம்

பதில்:

அண்ணாச்சி, வணக்கம். மனநல மருத்துவராக இதை எழுதுகிறேன்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 'நான் இருந்து யாருக்கு என்ன லாபம்' என்று பிள்ளை சொன்னதைக் கோபத்தில் சொன்னதாக விட்டுவிடாதீர்கள். இன்றைக்கே, வீட்டில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, நீங்களோ அவன் அம்மாவோ பக்கத்தில் உட்கார்ந்து நேரடியாகக் கேளுங்கள்: 'செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?' அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோம் என்று நம் வீடுகளில் பயப்படுகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வருவதில்லை. ஏற்கெனவே இருந்தால், சொல்வதற்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டது என்ற ஆறுதல்தான் வரும். 'ஆமாம்' என்றால் திட்டாதீர்கள், அழாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். தனியாக விடாமல் அன்றைக்கே பாளையங்கோட்டையில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டி வாருங்கள். அவசரப் பிரிவு இரவும் பகலும் இருக்கிறது. 'அப்படி ஒன்றும் இல்லை' என்றாலும் இந்த வாரத்துக்குள் ஒரு மனநல மருத்துவர் அவனைப் பார்த்தாக வேண்டும். தோட்டத்துக்கு வாங்கிவைத்த பூச்சிமருந்து, எலிமருந்து எதுவும் வீட்டிலோ மோட்டார் அறையிலோ இருக்க வேண்டாம். இடையில் எந்த நேரத்திலும் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு மனநல உதவி எண் அது. தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. பிள்ளைதான் பேச வேண்டும் என்பதில்லை, நீங்களும் பேசலாம்.

இனி உங்கள் கேள்வி.

நேரில் பார்க்காமல் இன்ன நோய் என்று எழுதுவது முறையல்ல. ஆனால் சோம்பலா என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. சோம்பேறிக்குப் பிடித்த காரியம் என்று ஒன்றாவது இருக்கும். வேலைக்கு மட்டும் உடம்பு வணங்காது. சாப்பாட்டுக்கும் விளையாட்டுக்கும் சினிமாவுக்கும் வணங்கும். உங்கள் மகன் கைப்பந்தை விட்டுவிட்டான். சாப்பாடு குறைந்து இளைத்துவிட்டான். தூக்கம் தலைகீழாகிவிட்டது. தான் எதற்கும் உதவாதவன் என்று பேசுகிறான். இவற்றில் பலவும் சேர்ந்து, நாளின் பெரும்பகுதி, இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலே மனச்சோர்வு நோயா என்று நாங்கள் பார்ப்போம். இவனுக்கு இரண்டு மாதமாகிறது. தைராய்டு குறைபாடு, இரத்தசோகை போன்றவையும் இதே முகத்தைக் காட்டும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் செய்வோம்.

'எங்களில் யாருக்கும் வரவில்லை' என்ற வரியில்தான் எனக்கு உங்களோடு வழக்கு. 1982-இல் உங்களோடும் உங்களுக்கு முன்னும் பின்னும் பஸ் ஏறிய பையன்களை ஒவ்வொருவராக நினைத்துப் பாருங்கள். எல்லாரும் கடை வைத்தார்களா? பாதியில் ஓடிவந்தவர்கள், குடியில் போனவர்கள், 'பட்டணத்தில் போய் புத்தி கலங்கி வந்துவிட்டான்' என்று ஊர் சொல்லிக் கோயில் திண்ணையில் விட்டுவிட்ட ஒருவர், எங்கே போனார் என்றே தெரியாமல் போன இன்னொருவர். நம் பக்கத்து எந்த ஊரிலும் இப்படி நாலு பேரைச் சொல்ல முடியும். அவர்களை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. தாக்குப்பிடித்து நின்றவர்கள் மட்டும் கூடி உட்கார்ந்து 'நாங்கள் எல்லாம் அந்தக் காலத்தில்' என்று பேசுகிறார்கள். இடம்பெயர்ந்து போகிறவர்களைப் பற்றிய ஆய்வுகளில் இது தெரிந்த சிக்கல். புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஊரிலேயே திடமானவர்கள். நோயுற்றவர்கள் சத்தமில்லாமல் திரும்பிவிடுகிறார்கள். நகரத்தில் மிச்சம் இருப்பவர்களை எண்ணிவிட்டு எல்லாரும் நலம் என்கிறோம்.

தாக்குப்பிடித்தவர்களும் முழுதாகத்தான் வந்தார்களா என்பது அடுத்த கேள்வி. முப்பது வருட வயிற்றெரிச்சல் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று மணிக்கு விழிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். விடியுமுன் விழித்துக்கொண்டு மறுபடி தூங்க முடியாமல் கிடப்பது மனச்சோர்வில் நாங்கள் குறிப்பாக விசாரிக்கும் அடையாளம். அதனால் உங்களுக்கும் இந்த நோய்தான் என்று நான் சொல்லவில்லை. சந்தைக்குப் போன பழக்கமாக இருக்கலாம், சர்க்கரையாக இருக்கலாம். ஆனால் உங்கள் வயதுக்காரர்கள் மனம் சரியில்லை என்று என்னிடம் வருவதில்லை. நெஞ்சில் கல் வைத்தாற்போல் இருக்கிறது, உடம்பெல்லாம் எரிகிறது, தலை கனக்கிறது, நரம்புத் தளர்ச்சி என்றுதான் வருகிறார்கள். அதுவும் லாட்ஜில் முகாம் போடும் வைத்தியர்களிடம் பாதிச் சம்பாத்தியத்தைக் கொடுத்த பிறகு. சீனாவின் ஹூனான் மாகாணத்தில் 1980-இல் ஆர்தர் கிளைன்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், நரம்புத் தளர்ச்சி என்று முத்திரை குத்தப்பட்ட 100 நோயாளிகளை உட்காரவைத்து விசாரித்தார். அவர்களில் 87 பேருக்கு மனச்சோர்வு நோய் இருந்தது. அவர்கள் சொன்னதென்னவோ தலைவலியும் உடம்புவலியும்தான்.

சீனாவைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 1978-க்குப் பிறகு அங்கே கோடிக்கணக்கான கிராமத்தார் கடலோரத் தொழில் நகரங்களுக்குப் போனார்கள். 1980-க்கு முன் பிறந்தவர்களைப் பழைய தலைமுறை, பின் பிறந்தவர்களைப் புதிய தலைமுறை என்று பிரித்துவைத்து, யாருக்கு மனநலம் மோசம் என்று ஆய்வாளர்கள் நிறையவே ஆராய்ந்திருக்கிறார்கள். எல்லா ஆய்வும் ஒரே பதிலைச் சொல்லவில்லை. சிலவற்றில் இளையவர்கள் அதிகம் வாடியிருக்கிறார்கள், சிலவற்றில் மூத்தவர்கள். ஆனால் இரு தலைமுறையும் எதனால் வாடுகின்றன என்பதில் வேறுபாடு தெளிவாக இருக்கிறது. மூத்தவர்கள் பணம் சேர்த்து ஊரில் வீடு கட்டப் போனவர்கள். இளையவர்கள் பள்ளிக்கூடம் முடித்தவர்கள், வயலில் இறங்காதவர்கள், நகரத்திலேயே வாழ்ந்துவிட வேண்டும் என்று போனவர்கள். அங்கே 1958 முதல் இருக்கும் குடும்பப் பதிவு முறையோ, பிள்ளையின் படிப்பையும் மருத்துவத்தையும் பதிவான ஊரோடு கட்டிப்போட்டிருந்தது. நகரத்தில் வேலை செய்யலாம், நகரத்தாராக முடியாது. நமக்கு அப்படிச் சட்டம் எதுவும் இல்லை. ஒரகடத்தில் உங்கள் மகனுக்கு அதே வேலையைக் காண்டிராக்ட் முறை செய்கிறது.

எப்படி என்று உங்கள் கதையையும் அவன் கதையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

நீங்கள் மெட்ராஸில் சாக்கில் படுத்தபோது உங்களை யாரோடு ஒப்பிட்டுக்கொண்டீர்கள்? பனையிலிருந்து விழுந்தால் பிழைப்பில்லை என்றிருந்த அப்பாவோடு. கருப்பட்டி விலை விழுந்தால் ஒரு வேளைக் கஞ்சி குறைந்த வீட்டோடு. அந்த அளவுகோலில் மூன்று வேளைச் சோறும் மாதம் பிறந்தால் மணியார்டரும் பெரிய ஏற்றம். ஊருக்கு வரும்போது டெரிகாட்டன் சட்டையைப் பார்த்து நாலு பேர் விசாரித்திருப்பார்கள். கடைக்கு வரும் வக்கீல் வீட்டு அம்மாளோடு நீங்கள் உங்களை ஒப்பிட்டுக்கொண்டிருக்க மாட்டீர்கள். அவர் வேறு உலகம்.

உங்கள் மகன் பசி தெரியாமல் வளர்ந்தான். அதற்காகத்தானே நீங்கள் அவ்வளவு பாடுபட்டீர்கள்! படித்தால் உத்தியோகம் என்று நீங்களும் சொன்னீர்கள், பாலிடெக்னிக்கும் சொன்னது. அவன் தன்னை ஒப்பிடுவது அதே பட்டறையில், அதே எந்திரத்துக்கு முன்னால், அதே வேலையைச் செய்யும் நிரந்தரத் தொழிலாளியோடு. அவருக்குச் சம்பளம் பல மடங்கு, போனஸ், கடன் கொடுக்க வங்கி, பெண் கொடுக்க ஆள். இவனுக்கு வேறு நிறச் சட்டையும் முடிகிற தேதியும். இரவு போனைத் திறந்தால் கூடப் படித்தவன் சிங்கப்பூரிலிருந்து படம் போட்டிருக்கிறான். எல்லாப் பழியையும் போனின் மேல் போடுவது எனக்கு உடன்பாடில்லை. போன் இல்லாவிட்டாலும் அந்த நிரந்தரத் தொழிலாளி பக்கத்திலேயேதான் நிற்கிறார்.

உங்களுக்கு ஓர் ஏணி இருந்தது. முதலாளி திட்டியிருப்பார், அடித்துமிருப்பார்; அந்தக் காலத்துக் கடைகளை நான் புனிதமாக்க விரும்பவில்லை. பதினான்கு வயதுப் பிள்ளையை நாளுக்குப் பதினெட்டு மணி நேரம் வேலை வாங்கியது கொடுமைதான். ஆனால் அவருக்கு உங்கள் அப்பாவைத் தெரியும். பொட்டலம் மடிக்கிறவன் தராசுக்கு வருவான், தராசிலிருந்து கல்லாவுக்கு வருவான், ஒரு நாள் சரக்கைக் கடனாகக் கொடுத்துத் தனிக்கடை வைத்துக்கொடுப்பார்கள் என்பது கடையில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். பன்னிரண்டு வருடத்தைத் தாங்கியது உங்கள் மனத்திடம் மட்டுமில்லை, பதின்மூன்றாவது வருடம் என்ன நடக்கும் என்று தெரிந்திருந்ததும்தான். உங்கள் மகனுக்கு முதலாளி யார் என்று கேட்டுப் பாருங்கள். கம்பெனி 'நாங்கள் இல்லை, காண்டிராக்டர்' என்கும். காண்டிராக்டர் மூன்று முறை மாறிவிட்டார். மூன்று வருடம் ஒழுங்காக வேலை செய்தவனும் நேற்று வந்தவனும் அங்கே ஒரே படியில். உழைத்தால் முன்னேறலாம் என்று நீங்கள் சொல்லும்போது அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வானே, அது திமிர் இல்லை. உழைத்துப் பார்த்துவிட்டான்.

தூக்கத்தையும் பாருங்கள். நீங்கள் குறைவாகத் தூங்கினீர்கள், ஆனால் தினமும் ஒரே நேரத்தில். வாரத்துக்கு வாரம் மாறும் ஷிப்டில் உடம்பின் உட்கடிகாரம் எந்த நேரத்துக்கும் பழக முடியாமல் தடுமாறும். இரவுப்பணிக்கு அது ஒத்துவருமுன் பகல்பணி வந்துவிடும். ஷிப்டு வேலைக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள தொடர்பு பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. அதோடு அறை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், படப்பைப் பக்கத்து அறைகளில் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள், ஆனால் ஒரே நேரத்தில் விழித்திருப்பவர்கள் இரண்டு பேர் இருக்கமாட்டார்கள். ஒருவன் எழுந்த பாயில் இன்னொருவன் படுக்கிறான். உங்கள் கடையில் மூட்டைகளுக்கு நடுவே படுத்தவர்கள் உங்கள் ஊர்ப் பையன்கள். ஒருவன் அழுதால் இன்னொருவனுக்குக் கேட்கும். காய்ச்சல் என்றால் ஊருக்குச் செய்தி போகும்.

திரும்பி வருவதற்கு இடம் இருப்பதும் ஒரு மருந்து. உங்களுக்கு அது இருந்தது. கடை நொடித்தால் ஊருக்கு வந்து அப்பாவுக்குக் கூடமாட நிற்கலாம். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் பொங்கலிடும்போது, பம்பாயிலிருந்தும் மெட்ராஸிலிருந்தும் வந்த பங்காளிகள் நடுவில் நீங்கள் 'கடைக்காரர்'. அந்த ஒரு நாள் உங்களை ஒரு வருடம் தாங்கியிருக்கும். இதே திருவிழா உங்கள் மகனுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்தீர்களா? 'என்னப்பா, பெர்மனென்ட் ஆயிட்டியா?', 'இப்போ எவ்வளவு வாங்குற?', 'எப்போ கல்யாணச் சாப்பாடு?' கோயிலைச் சுற்றி வருவதற்குள் இருபது பேர் கேட்டிருப்பார்கள். அவனுக்குப் பனை ஏறத் தெரியாது, கருப்பட்டி காய்ச்சத் தெரியாது. தெரிய வேண்டாம் என்றுதான் வளர்த்தீர்கள். நகரத்தில் வேர் பிடிக்காதவனுக்கு ஊரிலும் வேலை இல்லை. அறைக்குள் படுத்திருப்பது அந்த இரண்டுக்கும் நடுவில் கிடைத்த இடம்.

அடுத்ததைச் சொன்னால் வருத்தப்படாதீர்கள். இவன் பிறந்ததிலிருந்து இருபத்தொரு வயது வரை நீங்கள் சென்னையில் இருந்தீர்கள். பொங்கலுக்கும் கொடைக்கும் வந்துபோன அப்பா நீங்கள். சீனாவில் இப்படிப் பெற்றோரில் ஒருவரோ இருவரோ வெளியூரில் இருக்க, கிராமத்தில் வளர்ந்த பிள்ளைகளை 2010 கணக்கெடுப்பை வைத்து எண்ணியபோது ஆறு கோடிக்கும் மேல் வந்தது. அவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இது குற்றச்சாட்டு இல்லை. நீங்கள் அனுப்பிய பணத்தில்தான் அவன் படித்தான். நான் சொல்ல வருவது நடைமுறை விஷயம்: அப்பாவிடம் மனம்விட்டுப் பேசும் பழக்கம் இவனுக்கு உருவாகவே வாய்ப்பிருக்கவில்லை. 'லாபம் என்ன' என்ற பேச்சு அம்மாவிடம் போனதும் உங்களிடம் வராததும் அதனால்தான். இப்போது ஒரே வாரத்தில் அதைச் சரிசெய்ய வேண்டும் என்று விசாரணை நடத்தாதீர்கள். இரவு அவன் விழித்திருக்கிறான். மூன்று மணிக்கு நீங்களும் விழித்திருக்கிறீர்கள். ஒரு தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் சும்மா உட்காருங்கள். பேசத் தோன்றினால், கடை வைத்த வெற்றியைச் சொல்லாதீர்கள், அவன் அதை நூறு தடவை கேட்டிருப்பான். மெட்ராஸில் முதல் மாதம் எப்படி இருந்தது என்று சொல்லுங்கள். ஓடிவரத் தோன்றிய நாள் ஒன்று நிச்சயம் இருந்திருக்கும். அதை இதுவரை யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா?

உங்கள் மனைவியைப் பற்றி முழுக் கடிதத்திலும் இரண்டு மூன்று வரிதான் இருக்கிறது. இருபது வருடத்துக்கு மேல் பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு தனியாகக் குடும்பம் நடத்தியவர். இப்போது மகன் சாவைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டு அதை உங்களிடம் எப்படிச் சொல்வது என்றும் தவித்தவர். மருத்துவமனைக்கு அவரும் வரட்டும். பிள்ளையின் இரண்டு மாதத்தை அவரைவிட நன்றாகச் சொல்ல வேறு யாராலும் முடியாது.

சிகிச்சை எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். முதல் நாள் நிறையப் பேச்சுதான் இருக்கும். மருந்து தேவை என்றால் தருவோம். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் அடிமையாக்குபவை அல்ல. தூக்க மாத்திரையோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கொஞ்சம். ஐந்தாம் நாளே 'ஒன்றும் கேட்கவில்லை' என்று நிறுத்திவிடாதீர்கள். குணமான பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர வேண்டியிருக்கும். நிறுத்துவதையும் படிப்படியாகத்தான் செய்வோம். முதல் சில வாரங்களில், குறிப்பாக இந்த வயதில், படபடப்பு கூடுகிறதா என்று கவனிக்க வேண்டும். கூடினால் உடனே சொல்ல வேண்டும். ஆலோசனைப் பேச்சும் மருந்துக்குச் சமமான சிகிச்சை. இலேசான பாதிப்பானால் அது மட்டுமே போதுமானதாக இருக்கலாம். பாளையங்கோட்டை தூரம் என்றால், மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கு வருகிறார்கள். உங்களுக்குப் பக்கத்து அரசு மருத்துவமனையில் நாளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் எல்லாருக்கும் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி நோயாளியின் விவரத்தை இரகசியமாக வைத்திருப்பது எங்கள் கடமை. 2015-16-இல் பெங்களூருவின் நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய ஆய்வில், வயது வந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது. நோயைப் பொறுத்து நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சையே பெறவில்லை. உங்கள் தெருவிலேயே இன்னும் சில வீடுகளில் இது இருக்கும். அவர்களும் உங்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்றுதான் கதவைச் சாத்தியிருக்கிறார்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. அவன் எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுப்பிவிடுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் வெளியே வெயில் படும்படி கொஞ்ச தூரம் நடக்கட்டும். ஷிப்டு குழப்பிய கடிகாரத்துக்கு அதைவிட மலிவான மருந்து கிடையாது. புத்தி வரட்டும் என்று உச்சிவெயிலில் தோட்ட வேலைக்கு அனுப்புவதை இதோடு சேர்க்காதீர்கள். 'உன் வயதில் நான்' என்று தொடங்கும் பேச்சுக்குக் கொஞ்ச நாள் விடுமுறை. கயிறு மந்திரித்துக் கட்டுவதோ கோயிலுக்குப் போவதோ உங்கள் விருப்பம், நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் மருத்துவரைப் பார்த்துவிட்டுப் போங்கள். கோயிலிலோ தர்காவிலோ தங்கவைத்துவிட்டு மட்டும் வராதீர்கள். இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவை ஒட்டிய மனநலக் காப்பகத்தில், 2001-இல் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் சிக்கி 28 பேர் இறந்ததை உங்கள் வயதுக்காரர்கள் மறந்திருக்க முடியாது.

வேலைக்குத் திருப்பி அனுப்பலாமா என்ற கேள்வியை இப்போது எடுக்கவே வேண்டாம். மனச்சோர்வின் நடுவில் எடுக்கும் முடிவு எதுவானாலும் பிறகு மாற்ற வேண்டியிருக்கும். ஆனால் காகித வேலை இருக்கிறது, அதை நீங்கள் செய்யலாம். மூன்று காண்டிராக்டர்களும் வருங்கால வைப்பு நிதி பிடித்திருந்தால் எல்லாம் ஒரே கணக்கில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்திருந்தால் இ.எஸ்.ஐ. பிடித்தமும் இருந்திருக்க வேண்டும். அட்டை இன்னும் செல்லுபடியாகிறதா என்று கேளுங்கள். மனநலச் சிகிச்சையும் அதில் அடங்கும். குணமான பிறகு ஒரகடமா, திருநெல்வேலியா, வேறு தொழிலா என்பதை அவனே சொல்வான். ஷிப்டு இல்லாத வேலையாக இருந்தால் நல்லது என்பது மட்டும் என் யோசனை.

இன்னொன்று, உங்கள் நரம்பு சுருட்டல். கடைகளிலும் துணிக்கடைகளிலும் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது 2021-இல்தான். நீங்கள் கடையை விற்றுவிட்டு ஊர் திரும்பிய காலம். 'உழைத்த உடம்புக்கு உள்ளதுதான்' என்று நீங்கள் தள்ளிவிட்ட அந்தச் சுருட்டல், உட்கார ஒரு முக்காலி கொடுத்திருந்தால் குறைந்திருக்கலாம். உங்கள் மகனும் தன் தூக்கத்தைப் பற்றி நாளைக்கு அப்படியே சொல்லிவிட்டுப் போக வேண்டாம்.

பெண் வீட்டாரிடம் இந்த வருடம் இல்லை என்று சொல்லிவிடுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. கால்கட்டு இவனைக் குணப்படுத்தாது. அந்தப் பெண்ணுக்கும் இது நியாயமில்லை.

புறநோயாளிகள் பிரிவு காலையில் இயங்கும். ஏழரை மணிக்கே வந்துவிட்டால் வரிசை குறைவாக இருக்கும். வயிற்றுக்கு எண்டோஸ்கோப்பி எடுத்திருந்தால் பழைய அறிக்கைகளை எடுத்து வாருங்கள். ஓ.பி. சீட்டுப் போடும்போது உங்கள் பெயருக்கும் ஒன்று போட்டுவிடுங்கள்.